மானியம் என்னும் சொல்

இந்நாளில் ஒரு சேவா சங்கத்தின் காரியதரிசி ‘மானியம் வந்துவிட்டதா?’ என்று விசாரிப்பாராயின், அவர் கருதுவது வங்கிக் கணக்கில் வரவாகும் தொகையையே. அவருடைய பாட்டனார் அதே சொல்லைக் கேட்டிருப்பின், வரி நீக்கிவிட்ட நிலமே அவர் மனத்தில் தோன்றியிருக்கும்.

மானியங் கேட்டு டில்லிக்கு விண்ணப்பம் தயாரிக்கும் அன்பர்கள் சிலர் இன்று ஆலத்தியூர் என்னும் ஊரில் இருக்கிறார்கள். அவ்வூர் அடங்கிய அரியலூர் மாவட்டத்திலேயே கங்கைகொண்ட சோழபுரம் இருக்கிறது. அதைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட வீரராசேந்திரன் காலத்தில், 11ஆம் நூற்றாண்டில், திருமுக்கூடல் கோயிலைச் சார்ந்து ஒரு வேதபாடசாலையும், மாணாக்கர் தங்கும் விடுதியும், வீரசோழன் என்ற பெயரால் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலையும் நடைபெற்றன என்பதையும், மருத்துவனுக்கும், சல்லியக்கிரியை செய்வோனுக்கும், நோயாளிகளைப் பேணும் பெண்டிருக்கும் நெல்லும் காசும் அளந்து வைக்கப்பட்டன என்பதையும் அக்கோயிற் சாசனம் விரிவாகச் சொல்கிறது. இன்னின்ன தைலம், இன்னின்ன சூரணம் என்று மருந்துகளையுங்கூடக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். ஊர் வருவாயே இச்செலவுக்கு ஒதுக்கப்பட்டிருந்தமையால், ஆண்டுதோறும் விண்ணப்பம் எழுதும் சிரமம் அந்த வைத்தியனுக்கு இருந்திராது.

ஆங்கில ஆட்சியில் இந்த ஏற்பாடு தலைகீழாயிற்று. 1858இல் சென்னை ராஜதானியில் அமைந்த இனாம் கமிஷன், பரம்பரை மானியங்களின் உரிமையை ஒவ்வொன்றாகச் சோதிக்கத் தொடங்குமுன்பே, 1854ஆம் ஆண்டு ஜூலையில் சார்லஸ் உட் அனுப்பிய கல்விச் சாசனம் உதவிப் பண முறையை வகுத்துவிட்டது: நிர்வாக சபை வேண்டும், சர்க்கார் பரிசோதகருக்குக் கதவு திறந்திருக்க வேண்டும், சிறிதளவேனும் சம்பளம் வசூலிக்க வேண்டும். கொள்கையளவில் இவற்றில் குற்றமில்லை. ஆயினும் கட்டடமும் கணக்கும் முன்னமே உடையவர்க்கே பணம் எட்டியது. வானம் பார்த்த கரிசற் காட்டுக் குடியானவன் எந்தச் சபையைக் கூட்டி, எந்த ரசீதைக் காட்டுவான்?

சுதந்திரத்துக்குப் பின், 1953 ஆகஸ்டில், துர்க்காபாய் தேஷ்முக் தலைமையில் மத்திய சமூகநல வாரியம் தோன்றி, முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் 4 கோடி ரூபாயைத் தொண்டு ஸ்தாபனங்களுக்கென்று பெற்றது. நன்முயற்சிதான், எனினும் இதிலும் கேட்கத் தெரிந்தவர்க்கே முதலிடம்.

இனி ஆலத்தியூருக்கு வருவோம். பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடல் கிடந்த பூமி இது. சிப்பியும் சங்கும் கல்லாகிக் கிடக்கும் இந்தச் சுண்ணாம்புப் படிவந்தான் சிமெண்டு ஆலைகளை இங்கே அழைத்தது. 2015இல் திருத்தப்பட்ட கனிமச் சட்டம், சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களின் நலனுக்கென்று, லாப நோக்கற்ற அறக்கட்டளையொன்றை அத்தகைய ஊர்களுள்ள மாவட்டந்தோறும் அரசே நிறுவ வேண்டுமென விதித்தது. பழைய குத்தகைதாரர் தாம் செலுத்தும் உரிமத்தொகையில் 30 சதவீதத்துக்குச் சமமான தொகையையும், ஏலத்தில் எடுத்த புதியவர் 10 சதவீதத்தையும் அதற்குத் தனியே செலுத்துகின்றனர். குடிநீர், வைத்தியம், கல்வி முதலியவையே அதன் முதற்செலவுகள். மண்ணின் விளைவிலிருந்தே அறத்துக்குப் பங்கு என்ற வகையில், இது சோழர் ஏற்பாட்டுக்கு நெருங்கிய உறவு.

ஆகவே, டில்லிக்கு விண்ணப்பம் தயாரிக்கும் ஆலத்தியூர் அன்பர்கள், முதலில் தம் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குச் சென்று இந்த நிதியின் கணக்கைக் கேட்டுப் பார்ப்பார்களாக.