பங்குத்தந்தை பணி விலகல்

கத்தோலிக்கத் திருச்சபையில் ஒரு குரு பங்கு நிர்வாகப் பொறுப்பிலிருந்து ஒதுங்குதல். குருத்துவத்தைத் துறப்பதோடு இதைக் குழப்பிக்கொள்வது பரவலான தவறு. விலகியவர் குருவாகவே நீடிக்கிறார், திருப்பலி நிறைவேற்றுகிறார்.

1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 538ஆம் விதி, 75 வயது நிறைந்த பங்குத்தந்தை ஆயரிடம் விலகல் கடிதம் தரும்படி கேட்டுக்கொள்கிறது. நியாயமான காரணம் இருந்தால் அதற்கு முன்பும் தரலாம். எனினும் ஆயர் ஏற்ற பிறகே விலகல் செல்லும். ஓய்வுபெற்றவரின் வாழ்க்கைச் செலவுக்கும் தங்குமிடத்துக்கும் ஏற்பாடு செய்வது ஆயரின் கடமை.

நடைமுறையில் சிக்கல் எழுவது திருமணத்தில்தான். பழவேற்காடு ஏரிக்கரை மீனவ ஊர்களானாலும் எளாவூரானாலும், தமக்கு ஞானஸ்நானம் கொடுத்த பழைய சாமியாரே தாலியையும் மந்திரிக்க வேண்டும் என்று குடும்பங்கள் விரும்புவது இயல்பு. ஆனால் பொறுப்பு போனதும் திருமணம் நடத்திவைக்கும் அதிகாரமும் போய்விடுகிறது. புதிய பங்குத்தந்தையோ ஆயரோ அனுமதி அளிக்காமல் அவர் நடத்திவைக்கும் திருமணம் பொதுவாகச் செல்லாது. பாசத்துக்குச் சட்டம் இங்கே விலக்குத் தருவதில்லை. மரண ஆபத்தில் இருப்பவருக்குப் பாவமன்னிப்பு அளிக்க மட்டும் எந்தக் குருவுக்கும் தனி அனுமதி தேவையில்லை.

ஆயர்களுக்கும் வயது வரம்பு 75தான் (விதி 401). பழவேற்காட்டுப் பகுதி அடங்கிய சென்னை-மயிலை உயர்மறைமாவட்டத்தின் பேராயர் ஏ. எம். சின்னப்பா 2012இல் ஓய்வுபெற்றார். அவருக்கு முன்பு ரா. அருளப்பா, வரம்பை எட்டாமலே 1987இல் பதவி விலகினார். இலங்கையில் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஓய்வுபெற்றது 2016இல்.