அறுபது வாட் ஆயுசு

பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பழைய கம்ப்யூட்டருக்கு கிராபிக்ஸ் கார்டு கேட்டுப் போனால், என்ன கேம் விளையாடப் போகிறீர்கள் என்று கடைக்காரர் கேட்கமாட்டார். "எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட் சார்?" என்பதுதான் முதல் கேள்வி. கம்ப்யூட்டருக்குள் மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பெட்டிக்குத்தான் அந்தப் பெயர். அதற்கு "இருநூற்றுச் சொச்சம்" என்று தயங்கித் தயங்கிப் பதில் சொன்னவர்களுக்கெல்லாம் பத்து வருஷத்துக்கு மேலாகக் கைகொடுத்த கார்டு ஒன்று உண்டு. என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 750 டிஐ. விலை உயர்ந்த கார்டுகளைப் பற்றி எழுத ஆள் இருக்கிறார்கள். இதன் கதையையும் யாராவது எழுதிவைக்க வேண்டும்.

பிறந்தது 2014 பிப்ரவரி 18. மேக்ஸ்வெல் என்ற புதிய வடிவமைப்பில் வந்த முதல் சிப் இதற்குள்தான் இருந்தது. 148 சதுர மில்லிமீட்டர் பரப்பில் 187 கோடி டிரான்சிஸ்டர்கள், 640 கோர்கள், 2 ஜிபி நினைவகம். அமெரிக்காவில் விலை 149 டாலர். சிப் அச்சானது தைவானின் டிஎஸ்எம்சியில், 28 நானோமீட்டர் முறையில். முந்தைய தலைமுறைச் சிப்களும் அதே முறையில் வந்தவைதான். அந்தத் தலைமுறையின் 650 டிஐ 110 வாட் இழுத்தது, எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனியாக ஒரு ஆறு பின் வயரும் கேட்டது. 750 டிஐ அதைவிட வேகமாக ஓடிக்கொண்டே 60 வாட்டில் நின்றது. அச்சிடும் முறை மாறாமலே மின்சாரம் இவ்வளவு மிச்சமானது என்றால், அந்தப் பெருமை முழுவதும் வடிவமைத்தவர்களுடையது.

60 என்ற எண்ணில்தான் இதன் ஆயுசு இருக்கிறது. மதர்போர்டின் நீண்ட ஸ்லாட் ஒரு கார்டுக்கு 75 வாட் வரை கொடுக்கலாம் என்பது விதி. அதற்குள் அடங்கிவிட்டால் வேறு வயரே வேண்டாம். செருகினால் போதும்.

இதற்கு ஜோடி சேர்ந்தது ஐடி கம்பெனிகளில் உழைத்துக் களைத்த மேசைக் கம்ப்யூட்டர். பெங்களூரு அலுவலகங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கம்ப்யூட்டர்களை மொத்தமாகக் கழிக்கின்றன. அவை கைமாறிக் கைமாறி எஸ்.பி. ரோட்டுக்கு வந்துசேரும். அரசாங்கக் காகிதத்தில் அது சதர் பத்ரப்பா ரோடு. சிக்பேட் மெட்ரோவில் இறங்கி நடந்தே போய்விடலாம். அங்கே அதிகம் கண்ணில் படுவனவற்றில் ஒன்று டெல் ஆப்டிப்ளெக்ஸ் 7010. 2012-இல் வந்த மாடல். டவர் வகையில் 275 வாட் எஸ்எம்பிஎஸ், கார்டுக்கென்று தனி வயர் கிடையாது. உள்ளே பெரும்பாலும் இன்டெல் ஐ5-3470.

இந்த இடத்தில் ஒரு நல்ல பொருத்தம். 2015 ஏப்ரல் 14 அன்று கம்ப்யூட்டருக்கு வந்த ஜிடிஏ 5 என்ற கேம் பரிந்துரைத்த பிராசஸர்களில் ஒன்று இதே ஐ5-3470. அலுவலகத்தில் எக்செல் ஓட்டிய பெட்டிக்கு அந்த கேமுக்கான மூளை ஏற்கெனவே இருந்தது, படம் வரையும் கைதான் இல்லை. பிராசஸரோடு சேர்ந்து வந்த எச்டி 2500 கிராபிக்ஸில் ஜிடிஏ 5 நகரவே திணறும். ஹாஸ்டலிலும் பிஜியிலும் தங்கியிருந்த எத்தனையோ பையன்கள் 750 டிஐயைத் தேடி அலைந்தது இதற்காகத்தான்.

அக்கா பையனுடைய ஆப்டிப்ளெக்ஸுக்கு அப்படி ஒன்றை வாங்கி வந்து நானே மாட்டினேன். இரண்டாம் கை கார்டு. ஹீட்சிங்கைக் கழற்றியபோது சிப்பின் மேலிருந்த தெர்மல் பேஸ்ட் காய்ந்து வெடித்து, நகத்தால் சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்ததும் சிப் கண்ணாடிபோல் மின்னியது, முகம் தெரிகிற அளவுக்கு. புது பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு. தங்க முலாம் பூசிய விளிம்பில் கறுப்பேறியிருந்த இடத்தைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்தேன், எஸ்.பி. ரோட்டு மெக்கானிக்குகளின் வழக்கம் இது. ஸ்லாட்டில் வைத்து இரண்டு பக்கமும் சமமாக அழுத்த, தாழ்ப்பாள் 'டக்'கென்று விழுந்தது.

"மாமா, பழைய மானிட்டர். விஜிஏ ஒயர்தான் இருக்கு" என்று அவன் கவலைப்பட்டான். 750 டிஐயின் டிவிஐ வாய் பழைய அனலாக் சிக்னலையும் தரும். சின்ன அடாப்டர் ஒன்று போதும். அடுத்து வந்த 1050 டிஐயில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். மானிட்டரும் மாற்றத் தேவையில்லாத கடைசிக் கார்டுகளில் இதுவும் ஒன்று என்பதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. பழைய பெட்டி வைத்திருப்பவருக்கு அது பெரிய விஷயம். 8 ஜிபி ரேமும் ஒரு எஸ்எஸ்டியும் சேர்த்த பிறகு ஜிடிஏ 5-இன் லாஸ் சாண்டோஸ் தெருக்கள் தடங்கலில்லாமல் ஓடின.

நடுவில் கிராபிக்ஸ் கார்டுகளுக்கே ஒரு கெட்ட காலம் வந்தது. 2017-இலும் பிறகு 2021-இலும் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தைத் தோண்டுவதற்காகக் கார்டுகளை மூட்டை மூட்டையாக வாங்கிப்போனார்கள். இரவும் பகலும் ஓடி ஓய்ந்த கார்டுகள், 2022 செப்டம்பரில் எத்தீரியம் தோண்டும் முறையைக் கைவிட்டதும், பழைய சந்தைக்கு வந்து குவிந்தன. 750 டிஐ அதில் சிக்கவில்லை. எத்தீரியம் கேட்ட தரவுக் கோப்பு நாளுக்கு நாள் வளர்ந்து 2017-க்குள் 2 ஜிபியைத் தாண்டிவிட்டிருந்தது. நினைவகம் குறைவு என்று எல்லாரும் சொன்ன குறையே அதைக் காப்பாற்றியது.

போலிகள்தான் இன்னொரு தொல்லை. காலாவதியான ஏதோ ஒரு சிப்பின் பயாஸை மாற்றி, புது மாடல் பெயர் ஒட்டி விற்றார்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் 2018 முதல் இத்தகைய போலிகளைப் பெயரோடு காட்டிக்கொடுக்கிறது. பழைய கார்டு வாங்குகிறவர்கள் கடையிலேயே அதை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும்.

இதே பெங்களூருவில்தான் என்விடியா 2004 முதல் இயங்குகிறது. அதன் போட்டி நிறுவனமான ஏஎம்டி 2023 நவம்பரில் இங்கே ஐந்து லட்சம் சதுர அடியில் டெக்னோஸ்டார் வளாகத்தைத் திறந்தது. நாளைய சிப்களை வரைகிற ஊர் இது. நேற்றைய சிப்களை உயிரோடு வைத்திருக்கும் எஸ்.பி. ரோட்டுக் கைகளுக்கும் அதே மரியாதை சேர வேண்டும்.

750 டிஐயின் வன்பொருள் இன்னும் சாகவில்லை. கதவை அடைப்பது மென்பொருள். 580 வரிசைதான் மேக்ஸ்வெல்லுக்குக் கடைசி டிரைவர். புது கேம்களுக்கான ஆதரவு 2025 அக்டோபரோடு நின்றது. ஐ5-3470-க்கு விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கிடையாது, விண்டோஸ் 10 ஆதரவு முடிந்ததும் அதே மாதம்தான். 2025 மார்ச்சில் வந்த ஜிடிஏ 5 புதுப் பதிப்பு குறைந்தபட்சம் 4 ஜிபி கார்டு கேட்கிறது. ஆனால் பழைய பதிப்பு 'லெகசி' என்ற பெயரில் இன்னும் இருக்கிறது, இந்தக் கார்டில் ஓடவும் செய்கிறது. டிரைவருக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2028 அக்டோபர் வரை வரும்.

உங்களிடம் 750 டிஐ இருந்தால் 580 டிரைவரை ஒரு பென் டிரைவில் எடுத்துவையுங்கள். உங்களுக்கு வேண்டாமென்றால், பழைய பெட்டி வைத்திருக்கும் ஒரு மாணவருக்குக் கொடுங்கள். உண்மையாகவே செத்துப்போனால் குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். மின்னணுக் கழிவை முறையாகப் பிரித்தெடுக்க அனுமதி பெற்ற இ-பரிசரா நிறுவனம் பெங்களூரு அருகே தாபஸ்பேட்டையில் 2005 முதல் இயங்குகிறது.