பீரோ சாவி யார்கிட்ட? பரோடா, திருவிதாங்கூர், சென்னை: பள்ளி நூலகத்தின் கதை

இந்த எபிசோடை ஒரு பச்சை பீரோவிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நான் படிச்சது டெல்டா பக்கம் ஒரு அரசு மேல்நிலைப் பள்ளியில். டைம்டேபிளில் வாரத்துக்கு ஒரு பீரியட் 'நூலகம்' என்று போட்டிருக்கும். அந்த பீரியடுக்குக் கணக்கு சார் வருவார். போர்ஷன் முடிக்கணும், வேற வழி? நூலகம் என்று தனி அறையெல்லாம் கிடையாது. ஸ்டாஃப் ரூம் மூலையில் ஒரு பச்சை இரும்பு பீரோ, கதவில் கண்ணாடி. வெளியே நின்று புத்தகங்களின் பெயரைப் படிக்கலாம், கையில் எடுக்க முடியாது. சாவி தமிழ் டீச்சரிடம் இருக்கும். ஆறாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை ஏழு வருஷம். அந்த பீரோ திறந்து நான் பார்த்தது இரண்டே தடவை. இரண்டுமே இன்ஸ்பெக்‌ஷன் நாள்.

அந்த டீச்சர் மேல் எனக்கு ரொம்ப நாள் கோபம் இருந்தது. இந்த எபிசோடுக்காகப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் அது போச்சு. எப்படின்னு கடைசியில் சொல்றேன்.

காலேஜ் முடிந்து பெங்களூருக்கு வேலைக்கு வந்தபோது என் ரூம்மேட் ஒரு ஆலப்புழைக்காரன். நான் படித்ததைப் போல மூன்று மடங்கு படித்தவன். "உங்க ஸ்கூல் லைப்ரரி அவ்ளோ நல்லா இருக்குமாடா?" என்று கேட்டேன். சிரித்தான். "ஸ்கூல்லயா? அங்கயும் பூட்டின அலமாரிதான். ஆனா எங்க ஊர்ல வாயனசாலை இருந்துச்சு. சாயங்காலம் ஆனா அங்க போயிடுவோம்."

வாயனசாலை என்றால் வாசகசாலை. பக்கத்துப் பக்கத்து மாநிலம், ரெண்டு பேரும் அரசுப் பள்ளி, ரெண்டு பள்ளியிலும் பூட்டு. ஆனா அவனுக்குப் புத்தகம் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. ஏன்?

பள்ளி நூலகங்களை ஒப்பிடச் சொன்னால் நாம் வழக்கமாக எண்ணுவது இரண்டு: எத்தனை பள்ளிகளில் நூலகம் இருக்கு, எத்தனை புத்தகம் இருக்கு. நம்ம பாஷையில் சொன்னால் முதலாவது ஒரு பூலியன், இரண்டாவது ஒரு இன்டிஜர். என் பள்ளி இந்த இரண்டு கேள்விக்கும் நல்ல பதில் கொடுத்திருக்கும். நூலகம்? உண்டு. புத்தகம்? நூற்றுக்கணக்கில். அதனால் நான் வேற ரெண்டு கேள்வியை எடுத்துக்கிட்டேன். சாவி யார் கையில்? புத்தகம் தொலைந்தால் யார் தலையில்? இந்த ரெண்டு கேள்வியோடு மூன்று இடங்களுக்குப் போவோம்.

முதலில் பரோடா. இன்றைய குஜராத்தில் இருந்த சமஸ்தானம். அங்கே மன்னர் மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட், 1893இல் அம்ரேலி பகுதியில் கட்டாயத் தொடக்கக் கல்வியைச் சோதனையாகத் தொடங்கி, 1906இல் சமஸ்தானம் முழுவதற்கும் கொண்டுவந்தார். இந்தியாவில் வேறு யாரும் அந்த அளவில் செய்யாத காரியம். ஆனால் ஒரு சிக்கல். எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகிய பையன் பள்ளியை விட்டு வயலுக்குப் போகிறான். ஊரில் படிக்க ஒரு காகிதம் கூட இல்லை. கொஞ்ச வருஷத்தில் படித்தது எல்லாம் மறந்து போகும். அப்போ பள்ளிக்குச் செலவு செய்த காசும் வீண்.

அதனால் 1910இல் அமெரிக்காவிலிருந்து வில்லியம் ஆலன்சன் போர்டன் என்ற நூலகரை வரவழைத்தார். போர்டன் ஏறத்தாழ மூன்று வருஷம் பரோடாவில் இருந்தார். தலைநகரில் மைய நூலகம், அதற்குக் கீழே ஊர் நூலகங்கள், நூலகம் இல்லாத கிராமங்களுக்குப் பெட்டி பெட்டியாகப் புத்தகம் அனுப்பும் நடமாடும் பிரிவு. பள்ளியும் நூலகமும் ஒரே திட்டத்தின் இரண்டு பாதி என்று நினைத்த முதல் இந்திய ஆட்சி இதுதான் என்று எனக்குத் தோணுது. இங்கே சாவி அரசின் கையில். மேலிருந்து கீழே வந்த ஒழுங்கு அது. 1939இல் சயாஜிராவ் இறந்தார். 1949இல் பரோடா பம்பாயோடு இணைந்தது. மன்னரின் ஆர்வத்தில் நின்ற ஏற்பாட்டுக்கு இதற்கப்புறம் அந்த மன்னரே இல்லை.

அடுத்தது திருவிதாங்கூர். இங்கே கதை கீழிருந்து ஆரம்பிக்கிறது. ஆலப்புழை பக்கத்தில் நீலம்பேரூர் என்ற ஊர். 1926இல் பி.என். பணிக்கர் அங்கே ஒரு சின்ன நூலகம் தொடங்கினார். அவர் பிறந்தது 1909. அப்போ வயசு என்ன இருக்கும், நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. பிறகு அவர் பள்ளி ஆசிரியர் ஆனார். 1945இல் 47 ஊர் நூலகங்களைச் சேர்த்து ஒரு சங்கம் உருவாக்கினார். அது வளர்ந்து கேரளம் முழுக்கப் பரவியது. 1989இல் கேரளத்தின் நூலகச் சட்டம் வந்தபோது, அதில் உருவான நூலகக் கவுன்சிலும் இந்த ஊர் நூலகங்களின் மேல்தான் கட்டப்பட்டது. பணிக்கர் இறந்த ஜூன் 19ஆம் தேதியைத்தான் இன்றைக்கும் கேரளப் பள்ளிகள் வாசிப்பு நாளாகக் கொண்டாடுகின்றன.

இங்கே சாவி யார்கிட்ட? உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்த ஊர்க் கமிட்டியிடம். புத்தகம் தொலைந்தால் கமிட்டி கூடிப் பேசும், சந்தா பிரிக்கும், வேற வாங்கும். எந்தத் தனி மனிதரின் சம்பளத்திலும் கை வைக்க முடியாது. பிள்ளைகளுக்கு என்று பல நூலகங்களில் பாலவேதி என்ற தனி அமைப்பே உண்டு. என் ரூம்மேட் படித்து வளர்ந்தது அங்கேதான். கேரளத்தின் பள்ளி நூலகம் நம்முடையதைவிட உசத்தி என்று இதற்கு அர்த்தம் இல்லை. பள்ளி விட்ட இடத்தை ஊர் பிடித்துக்கொண்டது, அவ்ளோதான்.

இப்போ நம்ம ஊர். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனார். ஆரம்பத்தில் அந்த வேலை பிடிக்காமல் வகுப்பறைக்கே திரும்பிப் போகப் பார்த்தவர். பயிற்சிக்காக லண்டன் போனார், அங்கே நூலகங்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார், வேற ஆளாகத் திரும்பி வந்தார். 1931இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். உலகம் முழுக்க நூலகப் படிப்பில் இன்றும் அது பாடம்.

அதில் முதல் விதியின் சாரம் ரொம்ப எளிமை: புத்தகம் இருப்பது பயன்படுவதற்கு. 'இதைச் சொல்ல ஒரு விதியா?' என்று கேட்கத் தோணும். ஆனால் அவர் அதை விளக்கத் தொடங்குவதே, பழைய ஐரோப்பிய நூலகங்களில் புத்தகத்தைச் சங்கிலி போட்டு அலமாரியோடு கட்டி வைத்த கதையிலிருந்துதான். அந்தக் காலத்தில் நூலகத்தின் வேலை புத்தகத்தைக் காப்பாற்றுவது. ரங்கநாதன் அதைப் புரட்டிப் போட்டார். என் பள்ளி பீரோவின் பூட்டு அந்தச் சங்கிலியின் பேரப்பிள்ளை.

அதே 1931இல் மன்னார்குடியில் கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளர் ஒரு மாட்டுவண்டியில் புத்தகங்களை அடுக்கிச் சுற்றுக் கிராமங்களுக்கு அனுப்பினார். அதைத் தொடங்கி வைத்தவர் ரங்கநாதன். ஒரு இன்ஜினியர், அதுவும் நம்ம டெல்டாவில்! பஸ் ஏறினால் போய்விடுகிற தூரத்தில் நடந்த இந்தக் கதை எனக்கு ஸ்கூலில் தெரியவே தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய புத்தகம் பீரோவுக்குள் இருந்திருக்கலாம்.

ரங்கநாதனும் சென்னை நூலகச் சங்கமும் பல வருஷம் முயற்சி செய்த பிறகு, அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, 1948இல் சென்னை பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. சுதந்திர இந்தியாவின் முதல் நூலகச் சட்டம். உங்க வீட்டுச் சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்க, நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். இன்றைக்கு ரூபாய்க்கு 10 பைசா. மாநிலம் முழுக்க இருக்கிற கிளை நூலகங்களும் ஊர்ப்புற நூலகங்களும் அந்தக் காசில்தான் ஓடுகின்றன. மன்னர் மாறினாலும், ஊர்க் கமிட்டி சோர்ந்தாலும் நிற்காத வருமானம். ஏற்பாடு என்று பார்த்தால் மூன்றில் இதுதான் கெட்டி.

ஆனால் அதில் ஒரு ஓட்டை இருந்தது. சட்டம் பொது நூலகத்துக்கு. பள்ளி நூலகம் அதற்கு வெளியே. அதற்கு வரி கிடையாது, தனி ஆணையம் கிடையாது. 1952இல் ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் மத்திய அரசு ஒரு இடைநிலைக் கல்விக் குழு அமைத்தது. 1953இல் வந்த அறிக்கை இந்தியப் பள்ளி நூலகங்களைப் பற்றிச் சொன்னது இதுதான்: பெரும்பாலான பள்ளிகளில் பெயர் சொல்லும்படி நூலகம் இல்லை. இருக்கும் புத்தகங்கள் பழசு, பிள்ளைகளின் விருப்பத்தைக் கேட்டு வாங்கியவை அல்ல. பொறுப்பில் இருப்பவர் ஒரு எழுத்தரோ, ஆர்வம் இல்லாத ஒரு ஆசிரியரோ. பயிற்சி பெற்ற நூலகர் வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. படிக்கும்போது என் ஸ்கூலைப் பார்த்து எழுதிய மாதிரி இருந்தது. நான் பிறக்க நாற்பது வருஷத்துக்கு மேல் இருக்கும்போது வந்த அறிக்கை அது!

2009 கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளியிலும் நாளிதழ், பத்திரிகை, கதைப் புத்தகம் உட்பட எல்லாம் உள்ள நூலகம் வேண்டும் என்கிறது. அதே அட்டவணையில் எத்தனை பிள்ளைக்கு எத்தனை ஆசிரியர் என்று கணக்கு இருக்கு. நூலகர் என்ற வார்த்தை இல்லை. பிறகு வந்த சமக்ர சிக்‌ஷா திட்டத்தில் பள்ளி நூலகத்துக்கு ஆண்டுக்கு 5,000 முதல் 20,000 ரூபாய் வரை மானியம் உண்டு. புத்தகத்துக்குக் காசு வந்தாச்சு. சாவி மட்டும் அதே இடத்தில்.

இப்போ டீச்சர் கதைக்கு வரேன். போன வருஷம் எங்க பேட்ச் வாட்ஸ்அப் குரூப்பில் பள்ளிக்குப் புத்தகம் வாங்கித் தரலாம் என்று பேச்சு வந்தது. எனக்கு அந்த பீரோ ஞாபகம் வர, ரிடையர் ஆகிவிட்ட தமிழ் டீச்சரின் நம்பரைத் தேடிப் பிடித்துப் பேசினேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன்: "டீச்சர், அந்த பீரோவை ஏன் திறக்கவே மாட்டீங்க?"

கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம் சொன்னாங்க: "எனக்கு முன்னாடி பொறுப்புல இருந்த சார் பிள்ளைங்களுக்கு அள்ளி அள்ளிக் குடுத்தவருப்பா. அவரு ரிடையர் ஆகும்போது ஸ்டாக் ரெஜிஸ்டர்ல அறுபது புத்தகம் குறைஞ்சுது. அதைக் கட்டி முடிக்கிற வரைக்கும் பென்ஷன் பேப்பர் நகரல. அடுத்த நாள் அந்தச் சாவிய என் கையில குடுத்தாங்க. நீயே சொல்லு, நான் எப்படித் திறப்பேன்?"

என்கிட்ட பதில் இல்லை. நான் ஏழு வருஷமா கோபப்பட்டது தப்பான ஆள்மேல்.

இதை நம்ம தொழிலில் இருக்கிறவங்க சட்டுனு புரிஞ்சுக்குவீங்க. சர்வர் 99.9 சதவீதம் ஓடினால் போதும் என்று வைத்தால், மாசத்துக்கு 43 நிமிஷம் விழலாம். அதுக்குப் பேர் எரர் பட்ஜெட். அது பூஜ்யம் என்றால் யாரும் புதுசா எதையும் ரிலீஸ் பண்ண மாட்டாங்க. டீச்சரின் எரர் பட்ஜெட் பூஜ்யம். அவங்க ரிலீஸ் பண்ணவில்லை.

வேடிக்கை என்னன்னா, மத்திய அரசின் 2017 பொது நிதி விதிகளில் நூலகங்களுக்கு இந்த பட்ஜெட் எழுதியே இருக்கு. வாசகர் கைக்குப் போகும் ஆயிரம் புத்தகத்துக்கு ஐந்து தொலைவது இயல்பு என்று எடுத்துக்கொள்ளலாம். அலட்சியமோ மோசடியோ இருக்கக் கூடாது, விலை உயர்ந்ததும் அரியதும் என்றால் விசாரணை உண்டு, அவ்வளவுதான். கவனிங்க, கணக்கு அலமாரியில் இருக்கும் புத்தகத்துக்கு அல்ல, கைக்குப் போகும் புத்தகத்துக்கு. 400 பிள்ளைகள் வாரம் ஒன்று வீதம் 40 வாரம் எடுத்தால் 16,000 தடவை. 80 புத்தகம் தொலையலாம். பூட்டியே வைத்தால் ஒன்றுகூடத் தொலைய உரிமை இல்லை. மத்திய அரசு அலுவலகங்களுக்கான விதி இது. மாநிலங்களுக்கு அவங்கவங்க விதி. ஆனால் எந்த விதியும் எங்க டீச்சர் காதுக்கு வந்து சேரவில்லை. பயம்தான் வந்து சேர்ந்தது.

அதனால் எங்க பேட்ச் ஒரு முடிவு எடுத்தது. பீரோ வாங்கவில்லை. 210 புத்தகம் வாங்கினோம். அவை ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏறாது, தொலைந்தால் யாரிடமும் வசூல் கிடையாது என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட வைத்த பிறகுதான் கொடுத்தோம். வராண்டாவில் கயிறு கட்டித் தொங்கவிட்டார்கள். கணக்கு எழுதுவது ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள்.

முதல் டேர்ம் முடிந்ததும் ஹெச்.எம். போன் பண்ணினார். "தம்பி, பதினேழு புத்தகத்தைக் காணோம்" என்றார், குரலில் குற்ற உணர்ச்சி. "எத்தனை தடவை எடுத்திருக்காங்க சார்?" என்று கேட்டேன். நோட்டைப் பார்த்துவிட்டு 1,640 என்றார். மத்திய விதிப்படி எட்டு தொலையலாம். இரண்டு மடங்குக்கு மேல் தாண்டிட்டோம், ஃபெயில்தான். ஆனால் ஏழு வருஷத்தில் நான் பார்த்த எண்ணிக்கை பூஜ்யம். இந்த வருஷம் இன்னும் கொஞ்சம் புத்தகம் அனுப்புகிறோம் என்று சொல்லி வைத்தேன்.

உங்க பழைய பள்ளிக்குப் போனால் எத்தனை புத்தகம் இருக்கு என்று கேட்காதீங்க. போன மாசம் எத்தனை வெளியே போச்சு, தொலைந்தால் யார் கட்டணும், இந்த இரண்டை மட்டும் கேளுங்க. பதில் என்ன வந்தது என்று எங்களுக்கும் சொல்லுங்க. அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.