கிராஸ் கம்பைல் செய்த நிரலை உட்பொதி கருவியில் இயக்குதல்

ஒரு வகைப் பிராசசர் உள்ள கணினியில் வேறு வகைப் பிராசசருக்கான நிரலைத் தொகுப்பது குறுக்குத் தொகுப்பு. நிரலாளர் பேச்சில் கிராஸ் கம்பைல். இன்டெல், ஏஎம்டி பிராசசர் கொண்ட கணினியில் தொகுத்த கோப்பு, ஆர்ம், மிப்ஸ் அல்லது ரிஸ்க்-ஃபைவ் பிராசசர் கொண்ட ரவுட்டரிலோ கேமராவிலோ ஓடும். அக்கருவிகளில் தொகுப்பியை நிறுவப் பெரும்பாலும் இடமும் நினைவகமும் போதா என்பதால் இம்முறை தேவைப்படுகிறது. தொகுப்பு பிழையின்றி முடிந்தது என்பதற்கும் நிரல் கருவியில் ஓடும் என்பதற்கும் தொடர்பு மிகக் குறைவு. இக்கட்டுரை லினக்ஸ் இயங்கும் கருவிகளைப் பற்றியது.

கோப்பைக் கருவிக்கு அனுப்ப எஸ்சிபி, டிஎஃப்டிபி, என்எஃப்எஸ் ஆகியவை வழக்கத்தில் உள்ளன. 2022இல் வந்த ஓபன்எஸ்எஸ்எச் 9.0 முதல் எஸ்சிபி கட்டளை உள்ளுக்குள் எஸ்எஃப்டிபி நெறிமுறையையே பயன்படுத்துகிறது. டிராப்பியர் என்னும் சிறிய எஸ்எஸ்எச் சேவை மட்டும் உள்ள சிறு ரவுட்டர்களில் எஸ்எஃப்டிபி சேவை பொதுவாக இருப்பதில்லை. அங்கே பழைய நெறிமுறையைக் கேட்கும் பெரிய எழுத்து 'ஓ' விருப்பைச் சேர்க்க வேண்டும். அனுப்பிய கோப்புக்கு இயக்க அனுமதி தரவேண்டும். அது தந்த பின்னும் அனுமதி மறுக்கப்பட்டால், கோப்பு இருக்கும் பகிர்வு 'நோஎக்ஸெக்' என்று ஏற்றப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

லினக்ஸ் இயங்குகோப்புகள் எல்ஃப் வடிவில் அமைந்தவை. அதன் தலைப்பில் பிராசசர் வகை ஓர் எண்ணாகப் பதிந்திருக்கும்: ஆர்ம் 32 பிட்டுக்கு 40, இன்டெல் 64 பிட்டுக்கு 62, ஆர்ம் 64 பிட்டுக்கு 183. எண் பொருந்தாவிட்டால் கெர்னல் 'எக்ஸெக் ஃபார்மட் எரர்' என்று மறுத்துவிடும். சொல்வதையே குறிக்கும் நேர்மையான பிழைச்செய்தி இது.

அடுத்தது அப்படியல்ல. கோப்பு கண்ணெதிரே இருக்க, 'அப்படியொரு கோப்போ கோப்புறையோ இல்லை' என்று ஷெல் சொல்லும். புதியவர்களை இதைப்போல் அலைக்கழிக்கும் செய்தி வேறில்லை. இயங்குநேர இணைப்பு கொண்ட எல்ஃப் கோப்பு, தன்னை ஏற்றிவிடும் லோடரின் முழுப் பாதையையும் தனக்குள் எழுதி வைத்திருக்கிறது. அந்த லோடர் கருவியில் இல்லையென்றாலும், நிரலே இல்லாதபோது தரும் அதே பிழை எண்ணைத்தான் கெர்னல் தருகிறது. ஆர்மில் மிதவைப்புள்ளி எண்களை எந்தப் பதிவகங்கள் வழியாகக் கடத்துவது என்பதில் இரு மரபுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் லோடர் பெயர் வேறு. ஜிலிப்சி என்னும் வழக்கமான சி நூலகத்துக்குப் பதில் மஸ்ல் நூலகம் கொண்ட ஓபன்டபிள்யூஆர்டி ரவுட்டர்களில் பெயர் இன்னும் வேறு. கோப்பு கேட்கும் லோடர் எது என்பதை 'ரீட்எல்ஃப்' கருவி காட்டிவிடும்.

லோடர் பொருந்தினாலும் போதாது என்பதற்கு ராஸ்பெரி பை நல்ல சான்று. 2012இல் வந்த முதல் மாதிரியில் இருப்பது ஆர்ம்1176 பிராசசர். அது ஆர்ம்வி6 கட்டளைத் தொகுதியைச் சேர்ந்தது. டெபியனின் 'ஆர்ம்எச்எஃப்' பிரிவோ ஆர்ம்வி7ஐக் குறைந்தபட்சமாகக் கொண்டது. அதனால்தான் ராஸ்பெரி பைக்கான ராஸ்பியன் இயங்குதளம் முழுவதும் ஆர்ம்வி6க்கு எனத் தனியே தொகுக்கப்பட்டது. இரண்டுக்கும் லோடர் பெயர் ஒன்றே. எனவே டெபியனிலோ உபுண்டுவிலோ கிடைக்கும் குறுக்குத் தொகுப்பியால் தொகுத்த நிரல் முதல் பையிலும் பை ஜீரோவிலும் தொடங்கி, உடனே 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்' என்று விழும். பை 2இல் சிக்கலின்றி ஓடும். தொகுப்பியிடம் ஆர்ம்வி6 என்று சொல்வதும் தீர்வாகாது. நிரலோடு இணையும் தொடக்கக் கோப்புகளும் நூலகமும் முன்பே ஆர்ம்வி7க்குத் தொகுக்கப்பட்டவை அல்லவா?

நூலகப் பதிப்பு இன்னொரு தடை. ஜிலிப்சி பின்னோக்கி ஒத்துப்போகும், முன்னோக்கி ஒத்துப்போகாது. 2021 ஆகஸ்டில் வெளியான 2.34 பதிப்போடு தொகுத்தால், எதுவுமே செய்யாத வெற்று நிரல்கூடப் பழைய ஜிலிப்சி உள்ள கருவியில் தொடங்காது. தொடக்கச் செயற்கூறுக்கே அப்பதிப்பில் புதிய அடையாளம் இடப்பட்டது. கருவியின் நூலகங்களையும் தலைப்புக் கோப்புகளையும் படியெடுத்து 'சிஸ்ரூட்' ஆக வைத்து அதோடு தொகுப்பது முறையான வழி. எல்லாவற்றையும் நிரலுக்குள்ளேயே அடக்கும் நிலை இணைப்பு சுருக்குவழி. அதற்கு மஸ்ல் ஏற்றது. ஜிலிப்சியை நிலையாக இணைத்தாலும் இணையப் பெயர்களைத் தேடும்போது பகிர்நூலகங்களை அது கேட்கவே செய்யும்.

கருவி கைக்கு வருமுன் நிரலைச் சோதிக்க, ஃபேப்ரிஸ் பெல்லார் 2003இல் வெளியிட்ட கியூஇஎம்யு என்னும் பிராசசர் போலி நிரல் உதவும். பிராசசரைக் குறிப்பிடாவிட்டால் அது இயன்றவரை எல்லா ஆர்ம் கட்டளைகளையும் ஏற்கும். எனவே முதல் பையில் விழும் நிரல் அதில் ஓடிவிடலாம். ஆர்ம்1176 என்று வெளிப்படையாகச் சொல்லிச் சோதிப்பதே பயன் தரும். கருவியில் ஓடும் நிரலில் பிழை தேட ஜிடிபிசர்வர் போதும்: குறியீடுகள் நீக்கிய சிறு கோப்பு கருவியிலும் முழுக் கோப்பு மேசைக்கணினியிலும் இருக்கலாம்.

மேலே சொன்ன பிழைகளில் பெரும்பாலானவை, தொகுப்பி ஓரிடத்திலிருந்தும் கருவியின் கோப்பு முறைமை வேறிடத்திலிருந்தும் வருவதால் நேர்பவை. பில்ட்ரூட், யோக்டோ போன்றவை தொகுப்பி, நூலகம், கருவிக்கான கோப்பு முறைமை மூன்றையும் ஒரே அமைவிலிருந்து உருவாக்குகின்றன. முதல் தொகுப்புக்குப் பல மணி நேரம் பிடிக்கலாம். ஆனாலும் ஒரே கருவிக்குத் தொடர்ந்து நிரல் எழுதுபவருக்கு இதுவே சரியான வழி.