சண்டைக்கு முன்னே வருபவர்

ஊரில் சண்டை மூண்டபின் போலீஸ் வருகிறது. மூளுவதற்கு முன்னே யார் வருவது? இந்தக் கேள்விக்கு இந்திய வரலாறு தரும் ஒரு விடையை இன்று பார்ப்போம்.

1938-ஆம் ஆண்டில் காந்தியடிகள் தமது ‘ஹரிஜன்’ ஏட்டில் அமைதிப் படை ஒன்றைப் பற்றி எழுதினார். அந்தப் படைக்கு ஆயுதம் கிடையாது. அதில் சேரும் தொண்டர் எல்லாச் சமயங்களையும் சமமாக மதிக்க வேண்டும். பக்கம் சாராதவர் என்று பெயரெடுத்திருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தம் வட்டாரத்து மக்களுக்கு முன்கூட்டியே தொண்டு செய்து பழகியிருக்க வேண்டும். ஏன்? வெறிகொண்ட கூட்டத்தின் முன் முகமறியாத ஒருவர் போய் நின்றால், அவர் சொல் யார் காதில் ஏறும்?

இந்த எண்ணத்துக்குக் கல்கத்தாவில் கடும் சோதனை வந்தது. 1946 ஆகஸ்டில் அங்கே இந்து முஸ்லிம் கலவரத்தில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். மறு ஆண்டு ஆகஸ்டில் காந்தியடிகள் அந்நகரின் பெலியகட்டா பகுதியில், முஸ்லிம் லீக் தலைவர் சுஹ்ரவர்தியுடன் ஒரே வீட்டில் தங்கினார். விடுதலை நாளில் இரு சமயத்தாரும் கட்டித் தழுவிக்கொண்டனர். ஆனால், அம்மாத இறுதியில் கலவரம் மீண்டும் வெடித்தது. செப்டம்பர் 1-ஆம் நாள், தமது 77-ஆம் வயதில், அவர் உண்ணாநோன்பு தொடங்கினார். இளைஞர்கள் ஆயுதங்களைக் கொண்டுவந்து ஒப்படைத்தனர். பல சமயத் தலைவர்களும் எழுத்து மூலம் உறுதி கொடுத்தபின், 4-ஆம் நாள் நோன்பை முடித்தார்.

அமைதி திரும்பியது, ஆனால் அதற்கு விலையும் இருந்தது. அந்த நாள்களில் அமைதி காக்கச் சென்ற சசீந்திரநாத் மித்ரா, ஸ்மிருதீஷ் பானர்ஜி ஆகிய தொண்டர்கள் கொல்லப்பட்டனர். மாண்டவர் மீள்வதில்லை. அதனால்தான், தீப்பற்றும்வரை காத்திராதீர் என்ற அறிவுரைக்கு அத்தனை மதிப்பு. 1957-இல் வினோபா பாவே கேரளத்தில் சாந்தி சேனையைத் தொடங்கியபோதும் அதே வழியைத்தான் கொண்டார்: அமைதிக் காலத்தில் மக்கள் தொண்டு, கலவரக் காலத்தில் நடுவில் நின்று தடுத்தல்.

நோன்பிருந்து ஒரு நகரை அடக்க நம்மால் இயலாது. முன்கூட்டியே பழகுவது நம்மால் இயலும். தண்ணீர்க் குழாயடியில் தொடங்கும் வாய்ச்சண்டை இரு குடும்பங்களின் பகையாகி, பிறகு இரு கூட்டங்களின் பகையாக வளர்வதை நாம் அறிவோம். அப்போது இரு வீட்டு வாசலிலும் தடையின்றி ஏறக்கூடியவர் யார்? இரு வீட்டின் நல்லது கெட்டதுக்கும் முன்பே போய் நின்றவர்தான். “யார் சொன்னது? நேரில் பார்த்தீர்களா?” என்று அவர் கேட்டால், ஓங்கிய கையும் சற்றே தயங்கும். அந்தத் தயக்கத்தில் ஓர் உயிர் பிழைக்கலாம்.