காரத்திற்கு இட்ட பெயர்

ஆங்கிலப் புனைகதைகளைத் தமிழாக்க முற்படுவோர் தத்துவச் சொற்களுக்குத் திகைப்பதைவிட அடுக்களைச் சொற்களுக்கே மிகுதியும் திகைக்கின்றனர். அத்தகைய சொற்களுள் ஒன்று ‘டெவில்ட்’ என்பது. அகராதியைப் புரட்டினால் பிசாசு, சாத்தான், அலகை என்று பொருள்கள் கிடைக்கின்றன. உணவு மேசையில் ‘டெவில்ட் எக்ஸ்’ வந்தால் ‘பிசாசு முட்டை’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குச் செல்வது எளிது. ஆனால் அந்த முட்டையோ, அமெரிக்க இல்லங்களில் ஈஸ்டர் திருநாளன்று குடும்பத்தார் கூடியிருந்து உண்ணும் சாதுவான பண்டம். கிறிஸ்து உயிர்த்தெழுந்த நாளின் பந்தியில் பிசாசுக்கு என்ன வேலை?

பத்தாம் ஆண்டு மலரில் முட்டைக்கு என்ன வேலை என்று அன்பர்களும் வினவக்கூடும். பெயரிடுதல் கவிஞர்களின் தொழில் என்பதால், ஒரு பெயர் எவ்வாறு பிறந்தது, பிறப்பித்த காரணம் மறைந்த பின்னும் அது எவ்வாறு நிலைத்தது என்று காண்பது நமக்குப் புறம்பான செய்தி ஆகாது.

முதலில் பண்டத்தை அறிமுகம் செய்துவிடுகிறேன். அன்றே இட்ட முட்டையைவிட ஒரு வாரம் பழகிய முட்டையே இதற்கு ஏற்றது. நாள் செல்லச் செல்ல முட்டையினுள் இருக்கும் கரியமிலவாயு ஓட்டின் நுண்துளைகள் வழியே வெளியேறுகிறது. வெண்கருவின் காரத்தன்மை கூடுகிறது. அதனால் ஓடு பிய்ந்துவராமல் வழுவழுப்பாக உரிகிறது. ஆறு முட்டைகளைப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் மெல்லிய கொதியில் வேகவைத்து உடனே குளிர்ந்த நீரில் இட வேண்டும். மிகுதியாக வெந்தால் வெண்கருவின் கந்தகமும் மஞ்சள்கருவின் இரும்பும் கூடி, கருவைச் சுற்றிப் பச்சை வளையம் கட்டிவிடும். உரித்த முட்டைகளை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, மஞ்சள்கருவை எடுத்துச் சல்லடையில் தேய்த்து மாவாக்கி, மூன்று மேசைக்கரண்டி மயோனைஸ், ஒரு தேக்கரண்டி அரைத்த கடுகு விழுது, ஒரு தேக்கரண்டி வினிகர், உப்பு, ஒரு சிட்டிகை மிளகாய்த்தூள் சேர்த்துக் குழைக்க வேண்டும். இக்குழைவை வெண்கருக் கிண்ணங்களில் நிரப்பி, மேலே செந்நிறப் பாப்ரிகாத் தூளைத் தூவினால் பண்டம் முடிந்தது. குளிர்வித்து உண்பர். அறைச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்தல் ஆகாது. நம் ஊர் வெயிலில் அதுவும் மிகுதி.

முட்டையைக் காரமாக உண்ணும் வழக்கத்தின் தொல்வரலாறு ரோமாபுரியில் தொடங்குகிறது. ரோமானியர் விருந்து முட்டையில் தொடங்கிக் கனியில் முடியும். நீரோ மன்னன் காலத்தவரான பெட்ரோனியஸ் எழுதிய ‘சாத்திரிக்கோன்’ என்னும் நூலில் திரிமால்க்கியோ என்ற புதுப்பணக்காரனின் விருந்து ஒன்று வருகிறது. மரத்தால் செய்த கோழியின் அடியிலிருந்து மயில் முட்டைகளை எடுத்து விருந்தினர்க்கு வழங்குகின்றனர். ஓட்டை உடைத்தால் அது மாவினால் செய்த ஓடு. உள்ளே மிளகிட்ட மஞ்சள்கருவில் பொதிந்த கொழுத்த சிறுபறவை! செல்வச் செருக்கை எள்ளுவதற்கு எழுதப்பட்ட காட்சி அது. அந்த எள்ளலில் மிளகுக்கும் பங்குண்டு என்றே கருதுகிறேன். அப்பிக்கியஸ் பெயரால் வழங்கும் பழைய பாகநூலும் வேகவைத்த முட்டைக்கு மீன்சாறும் மிளகும் ‘லாசர்’ என்னும் பிசினும் சேர்க்கச் சொல்கிறது. ஆப்பிரிக்கக் கரையில் கிடைத்த உயர்ந்த லாசர் அற்றுப்போன பின்னர், பாரசீகத்துப் பக்கமிருந்து வந்த பெருங்காயமே அப்பெயரால் ரோமானிய அடுக்களைக்குள் நுழைந்தது.

மிளகு எங்கிருந்து சென்றது என்பதை நம் அன்பர்களுக்குக் கூறத் தேவையில்லை. யவனர் மரக்கலங்கள் பொன்னொடு வந்து மிளகொடு மீண்ட முசிறித் துறையை அகநானூற்றின் 149-ஆம் பாடலில் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனார் காட்டியுள்ளார். அக்காட்சியின் மறுகரையில் நின்று அதே வணிகத்தைப் பார்த்தவர் மூத்த பிளினி. கி.பி. 77 அளவில் வெளிவந்த தம் இயற்கை வரலாற்றில், ஒரு பவுண்டு திப்பிலி 15 தெனாரியஸ், வெண்மிளகு 7, கருமிளகு 4 என்று விலை குறிக்கும் அவர், கூடவே வியந்தும் கொள்கிறார்: கனியின் அழகோ பிற சுவையோ இல்லாத இப்பொருளை, உறைப்பு ஒன்றுக்காகவே இந்தியா வரை சென்று வாங்கி வருகிறோமே என்பது அவர் வியப்பு. காரத்தை ஒரு சுவையாக எண்ணிப் பழகிய நமக்கு அவர் வியப்பே வியப்பாக இருக்கிறது. எனினும் அவ்வியப்பில் பின்னாளைய கதையின் வித்து இருப்பதை மறுக்க இயலாது. எரிகின்ற ஒன்றை மனிதன் ஏன் விரும்பி உண்கிறான் என்ற கேள்வி அங்கேயே எழுந்துவிட்டது.

மஞ்சள்கருவை எடுத்துப் பிசைந்து மீண்டும் நிரப்பும் முறை 13-ஆம் நூற்றாண்டு அந்தலூசியாவில், அதாவது அரபியர் ஆண்ட ஸ்பெயினில், தெளிவாகக் கிடைக்கிறது. ஆசிரியர் பெயர் தெரியாத அரபுப் பாகநூல் ஒன்று, வேகவைத்த முட்டையை நூலால் இரண்டாக அறுக்கச் சொல்கிறது. கத்தியைவிட நூலே கருவைச் சிதைக்காது என்பதை இன்றும் செய்து பார்க்கலாம். மஞ்சள்கருவைக் கொத்துமல்லி, வெங்காயச் சாறு, மிளகு, எண்ணெய், உப்பு, புளித்த வாற்கோதுமையிலிருந்து எடுத்த ‘முர்ரி’ ஆகியவற்றொடு பிசைந்து நிரப்பி, இரு பாதிகளையும் சேர்த்துச் சிறு குச்சியால் செருகி, மேலே மிளகு தூவ வேண்டும். இன்றைய பாப்ரிகாத் தூவலுக்கு முன்னோடி இந்த மிளகுத் தூவலே என்று சொல்லத் தோன்றுகிறது. இத்தாலியில் 1470 அளவில் அச்சேறிய பிளாத்தினாவின் நூல், முட்டையினுள் உலர்திராட்சையும் பாலாடைக்கட்டியும் புதினாவும் நிரப்பி எண்ணெயில் பொரிக்கச் சொல்கிறது. பிளாத்தினா போப்பாண்டவரின் சினத்துக்கு ஆளாகிச் சிறைப்பட்டவர். பின்னர் வத்திக்கான் நூலகத்தின் தலைவரானவர். அச்சில் வந்த முதற் பாகநூல் இலக்கியவாதி ஒருவர் கைப்பட வந்தது என்பதை, அடுக்களையை இழித்துரைக்கும் நண்பர்கள் கருத்தில் கொள்வார்களாக.

இத்தனை நூற்றாண்டிலும் இம்முட்டைக்குப் பிசாசின் பெயர் இல்லை. ‘நிரப்பிய முட்டை’ என்பதே பெயர். ‘டெவில்’ என்னும் சொல் கடுங்காரமான பண்டத்தைக் குறித்து ஆங்கில எழுத்தில் வருவது 1786-ஆம் ஆண்டளவில்தான். எலும்பு ஒட்டிய இறைச்சி, சிறுநீரகம், மீந்த கோழிக்கால் ஆகியவற்றின் மீது கடுகும் மிளகும் கேயன் என்னும் மிளகாய்த்தூளும் பூசி அனலில் வாட்டினால் அது ‘டெவில்’. நரகத்தின் அனலை நாவில் காட்டுவதால் இப்பெயர். ஆங்கிலத்தில் சூட்டுக்கும் காரத்துக்கும் ஒரே சொல். சூட்டின் எல்லை நரகம். நரகத்தின் தலைவன் பிசாசு. அங்காடித் தெருவில் பிறந்த நல்ல உருவகம் இது. எந்தப் புலவரும் உரிமை கொண்டாடவில்லை.

இவ்வுருவகம் இலக்கியத்தில் ஒளிவிடும் இடம் 1849-50இல் தொடராக வெளிவந்த டிக்கன்ஸின் ‘டேவிட் காப்பர்ஃபீல்டு’. டேவிட் தன் அறைக்கு நண்பர்களை விருந்துக்கு அழைக்கிறான். ஆட்டுத்தொடை அரைவேக்காடாக வந்து மானம் போகும் வேளையில், கடனில் மூழ்கியும் களிப்பில் குறையாத மிக்காபர் எழுந்து, அதை ‘டெவில்’ ஆக்கிவிடலாம் என்கிறார். ஒருவர் துண்டு போடுகிறார். மிக்காபர் மிளகும் கடுகும் உப்பும் கேயனும் பூசுகிறார். டேவிட் கம்பியடுப்பில் வாட்டுகிறான். மிக்காபரின் மனைவி காளான் குழம்பைக் கிளறுகிறார். வாடிய விருந்து களைகட்டுகிறது. இவ்விடத்தில் ‘பிசாசு’ என்று மொழிபெயர்த்தால் காட்சியே கெடும். வறுமையை நகைச்சுவையால் காரமாக்கிக் கொள்ளும் குடும்பம் அது.

இக்காரத்தில் கடுகின் பங்கைத் தமிழர் எளிதில் உணர்வதில்லை. கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்று சொல்லிக்கொண்டே நாம் அதை எண்ணெயில் வெடிக்கவிடுகிறோம். சூடுபட்ட கடுகில் உறைப்பு எழாது. பச்சைக் கடுகை அரைத்துக் குளிர்ந்த நீர் சேர்த்தால்தான் அதனுள்ளிருக்கும் பொருள்கள் கலந்து மூக்கில் ஏறும் காரம் பிறக்கும். 1814இல் ஜெரமையா கோல்மன் நாரிச் நகருக்கு அருகில் தொடங்கிய கடுகுத் தொழில் இவ்வுறைப்பைத் தகரப் பெட்டியில் அடைத்து இல்லந்தோறும் சேர்த்தது.

கேயனோ அமெரிக்கக் கண்டத்துப் பொருள். அதன் இனமான மிளகாய் 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாக நம் நாட்டுக்கு வந்தபோது, நம்மவர் அதற்குப் பெயரிட்ட முறையை ஈண்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மிளகின் காரத்தை ஒத்த காய் ஆதலால் மிளகாய் என்றனர். புதிய காரத்துக்குப் பழைய காரத்தின் பெயரையே நீட்டிக் கொடுத்தனர். அறுசுவையுள் கார்ப்பு முன்னரே இடம் பெற்றிருந்தமையால், காரத்தைச் சொல்ல வேற்றுலகம் செல்லத் தமிழுக்குத் தேவை நேரவில்லை. நம்மிடமும் பேய் உண்டு. ஆனால் அது வேறு சுவையில் குடியிருக்கிறது. பேய்ச்சுரை, பேய்ப்பீர்க்கு, பேய்ப்புடல் எல்லாம் கைப்பன. பட்டினத்தடிகள் கையில் ஏந்திய பேய்க்கரும்பு திருவொற்றியூரில் தித்தித்தது என்னும் மரபுக்கதையின் உயிரே அக்கைப்பில்தான் உள்ளது. ஆங்கிலப் பேய் எரிக்கும். தமிழ்ப் பேய் கசக்கும். ஆகவே ‘பேய் முட்டை’ என்று தமிழில் எழுதினால், வாயில் வைக்க முடியாத ஏதோ ஒரு காட்டு முட்டை என்றே செவி கொள்ளும்.

அட்லாண்டிக் கடந்த பின் இப்பெயரின் போக்கு மாறியது. பாஸ்டன் நகரின் அண்டர்வுட் நிறுவனம் 1868இல் காரமிட்ட பன்றியிறைச்சியை அடைத்து விற்கத் தொடங்கி, 1870இல் செந்நிறப் பிசாசின் உருவத்தை வணிகச் சின்னமாகப் பதிவு செய்தது. முட்டையும் இதே பெயரைப் பெற்றுப் பரவியது. முட்டையின் குழைவுக்கு முன்னர் உருக்கிய வெண்ணெயும் வினிகரும் இட்டு வந்தனர். நியூயார்க்கில் ரிச்சர்ட் ஹெல்மன் 1912இல் கண்ணாடிக் குப்பியில் மயோனைஸ் விற்கத் தொடங்கினார். கடையில் வாங்கும் மயோனைஸ் வீடுதோறும் புகுந்த பின் வெண்ணெயின் இடத்தை அதுவே பற்றிக்கொண்டது. முட்டையும் எண்ணெயும் கூடிய அக்குழம்பு நாவை வருடுவது. கடுகின் கூர்மையை மழுங்கச் செய்வது. கேயன் சிட்டிகையாகச் சுருங்கிற்று. மேலே தூவும் பாப்ரிகாவோ காரம் நீங்கிய இன்மிளகாயின் தூள். எரிதழலின் நிறம் இருக்கிறது, எரிச்சல் இல்லை. பிசாசு குடியிருந்த வீட்டில் வாயிற்படிக் கோலம் மட்டும் எஞ்சியது போலாயிற்று.

வேடிக்கை என்னவெனில், காரம் போன பின்பே பெயர் சிலரை உறுத்தியது. அமெரிக்கத் தென்மாநிலங்களிலும் நடுமேற்கிலும் தேவாலயக் கூட்டு விருந்துகளுக்கு இம்முட்டையைக் கொண்டுவரும் இறைப்பற்றாளர் சிலர், பிசாசின் பெயரை நாவால் சொல்ல விரும்பாமல் ‘நிரப்பிய முட்டை’, ‘அலங்கரித்த முட்டை’ என்றனர். ‘தேவதூதர் முட்டை’ என்பாரும் உண்டு. முதற்பெயர் பழைய பெயருக்கே மீண்டது, அதில் குறையில்லை. ‘தேவதூதர்’ என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. உருவகத்தை மறுக்க எழுந்தவர்கள் அதன் மறுபுறத்தைப் பற்றிக்கொண்டனர். காரத்தை அறவே மறந்தனர்.

ஆங்கிலேயர் ஆண்ட கீழைநாடுகளில் பெயர் வேறு வழி சென்றது. கொல்கத்தாவின் பழைய ‘கேபின்’ உணவகங்களில் ‘டிமேர் டெவில்’ என்றொரு பண்டம் உண்டு. அவித்த முட்டையைக் கொத்துக்கறியால் மூடி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரிப்பர். கரு பிசைதல் இல்லை, மயோனைஸ் இல்லை, மசாலா உண்டு. அமெரிக்க முட்டைக்கும் அதற்கும் உருவத்தில் ஒற்றுமை காண்பது அரிது. ஆயினும் மிக்காபரின் கம்பியடுப்புக்கு எது நெருங்கிய உறவு என்று கேட்டால், நான் வங்காளத்தையே காட்டுவேன்.

இனி, மொழிபெயர்ப்பாளர் செய்வது என்ன? ஓரிடத்துக்கு ஒரு சொல் என்று முடிவு கட்ட இயலாது. மிக்காபரின் ஆட்டிறைச்சிக்குக் ‘காரம் பூசி வாட்டிய’ என்று விரித்தெழுதலாம். சொல்லின் விளையாட்டு போனாலும் உறைப்பு தங்கும். அமெரிக்கக் கதையின் ஈஸ்டர் மேசைக்கு அது பொருந்தாது. அங்கே ‘டெவில்ட் முட்டை’ என ஒலியை அப்படியே கொள்வதே தகும். தேவாலய விருந்தில் ஒரு மூதாட்டி அப்பெயரைச் சொல்லத் தயங்கும் காட்சி வருமானால், அங்கு மட்டும், முன்னர் நான் விலக்கிய ‘பிசாசு’ உள்ளே வந்தே தீர வேண்டும்.

ஈழத்துத் தமிழர் இச்சிக்கலை அகராதியின் துணையின்றியே கடந்துவிட்டனர். கொழும்பு உணவகங்களில் ‘இறால் டெவல்’, ‘கோழி டெவல்’ என்று கேட்டு வாங்குகின்றனர். வெங்காயமும் கறிமிளகாயும் தக்காளியும் சேர்த்து, மிளகாய் உறைக்கப் பெருந்தீயில் புரட்டிய பண்டம் அது. கேட்பவருக்கும் பரிமாறுபவருக்கும் சாத்தானின் நினைவு எழுவதில்லை. காரம் குறைந்தால் மட்டும் தட்டு திரும்பிப் போகும்.