ஒரு பந்துவீச்சாளன் உருவாகும் காலம்

வவுனியாவிலிருந்து மன்னாருக்குச் செல்லும் வீதியின் பக்கத்தே நெளுக்குளம் என்னும் ஊர் அமைந்திருக்கின்றது. வன்னியின் வேறு பல ஊர்களைப் போலவே இதன் பெயரிலும் ஒரு குளம் இருக்கின்றது. குளத்து நீரை நம்பி வயல் செய்யும் இந்நாட்டில், அறுவடை முடிந்து காய்ந்து கிடக்கும் வயல்வெளிதான் பல இளைஞருக்கு மைதானம். அங்கே அவர்கள் ஆடுவது மென்பந்துத் துடுப்பாட்டம். ஒரு பந்தும் ஒரு மட்டையும் இருந்தாற் போதும், ஆட்டம் தொடங்கிவிடும்.

அத்தகைய வெளியொன்றில் பந்தைச் சுழற்றி வீசும் சிறுவனைக் கண்டு, "இவன் பெரிய ஆட்டக்காரனாவான்" என்று ஊரார் சொல்வதுண்டு. சொல்வது எளிது. அச்சொல் மெய்யாவதற்கு என்னென்ன வேண்டும் என்பதற்கு, உலகத்தின் ஆட்டக்களங்களும் இலங்கைத் துடுப்பாட்டத்தின் வரலாறுமே விடை கூறுகின்றன.

முதலில் அமெரிக்காவைப் பார்ப்போம். அந்நாட்டின் பெருவிளையாட்டுகளில் ஒன்றாகிய பேஸ்போலில், பந்தை எறிபவனே ஆட்டத்தின் நடுநாயகம். பாடசாலைகளிலும் கல்லூரிகளிலும் தேறிய இளைஞரைத் தொழில்முறைக் கழகங்கள் முறைவைத்துத் தெரிவுசெய்யும் வழக்கம் 1965ஆம் ஆண்டு தொடங்கிற்று. தெரிவாளர் எறிபவனின் வேகத்தை மட்டும் அளப்பதில்லை. நினைத்த இடத்தில் பந்தை வைக்கிறானா, ஒரே கையசைவில் வெவ்வேறு வகைப் பந்துகளை எறிகிறானா, களைத்த பின்னும் அவன் அசைவு குலையாமல் நிற்கிறதா என்றெல்லாம் நோக்குவர். ஆயினும் தெரிவானவன் மறுநாளே பெரிய களத்தில் இறங்கிவிடுவது மிக அரிது. சிறு நகரங்களின் கீழ்நிலைக் கழகங்களில் அவன் படிப்படியாக ஏறவேண்டும். முழங்கை கெட்டுவிடாமல் இருக்க, அவன் எறியும் பந்துகள் ஒவ்வொன்றும் எண்ணப்படுகின்றன. தெரிவு சில நாட்களில் முடிந்துவிடும். வளர்ப்போ ஆண்டுக்கணக்கில் நீளும். அதற்குப் பின்னும் உச்சியை எட்டாதோர் பலர்.

இலங்கையில் அவ்வாறான படிக்கட்டாக நீண்டகாலம் விளங்கியவை கல்லூரிப் போட்டிகளே. யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் பரியோவான் கல்லூரியும் 1904ஆம் ஆண்டு முதல் மோதிவரும் போட்டியை மக்கள் 'வடக்கின் பெரும் போர்' என்று அழைக்கின்றனர். கண்டியிலும் கொழும்பிலும் இவ்வாறே கல்லூரி மைதானங்கள் தெரிவாளரின் கண்களாயின.

அந்தப் படிக்கட்டில் ஏறியவருள் தலைசிறந்தவர் முத்தையா முரளிதரன். 1972ஆம் ஆண்டு கண்டியிற் பிறந்த அவர், அந்தோனியார் கல்லூரியில் முதலில் மிதவேகப் பந்து வீசினார். பதினான்கு வயதிலே பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ அவரைச் சுழற்பந்து வீசச் சொன்னார். உள்ளதைக் கண்டு புகழ்வது ஒன்று. இல்லாததும் அங்கே விளையும் என்று காண்பது வேறொன்று. சுனில் பெர்னாண்டோ செய்தது இரண்டாவது. கல்லூரியின் இறுதி இரு ஆண்டுகளில் முரளிதரன் நூற்றுக்கும் மேற்பட்ட இலக்குகளை வீழ்த்தினார். பின்னர் கொழும்பிலுள்ள தமிழ் யூனியன் கழகத்திற் சேர்ந்தார்.

1991ஆம் ஆண்டு இலங்கை 'ஏ' அணியுடன் அவர் இங்கிலாந்து சென்றார். ஐந்து ஆட்டங்கள் ஆடினார். ஓர் இலக்கும் விழவில்லை. கணக்கேட்டை மட்டும் பார்க்கும் தெரிவாளர் எவரும் அங்கேயே அவர் பெயரை அடித்திருப்பர். இலங்கை அவ்வாறு செய்யவில்லை. 1992ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆந் திகதி கெத்தாராமை மைதானத்தில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக அவர் தம் முதல் டெஸ்ட் ஆட்டத்தில் இறங்கினார்.

அதன் பின்னும் சோதனை ஓயவில்லை. பிறவியிலேயே முழுமையாக நீட்ட இயலாத முழங்கை அவருடையது. 1995ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி மெல்போர்னில், அவர் பந்தை வீசவில்லை, எறிகிறார் என்று நடுவர் டரல் ஹெயர் ஏழு முறை குறை கூறினார். அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க அவரைக் கைவிடவில்லை. மறு ஆண்டு பல்கலைக்கழக ஆய்வுக்கூடங்களில் அவர் கை அளவிடப்பட்டது. கண்ணுக்குத் தோன்றியது வேறு, அளவில் உள்ளது வேறு என்பது புலனாயிற்று. பிற்காலத்தில் நடந்த ஆய்வுகளோ, குற்றமற்றவரெனக் கருதப்பட்ட பந்துவீச்சாளர் பலரும் முழங்கையைச் சிறிதளவு நீட்டவே செய்கின்றனர் என்று காட்டின. ஆகவே 2005ஆம் ஆண்டு எல்லோருக்கும் பொதுவாகப் பதினைந்து பாகை என்ற வரம்பு நடைமுறைக்கு வந்தது. ஒருவரைப் பற்றி எழுந்த ஐயம், ஆட்டத்தின் விதியையே தெளிவாக்கிவிட்டது. 2010ஆம் ஆண்டு ஜூலை மாதம் காலியில், தம் 133ஆவது டெஸ்ட் ஆட்டத்தில், முரளிதரன் 800ஆவது இலக்கை வீழ்த்தி விடைபெற்றார்.

இதே காலத்தில் வன்னியின் நிலை யாது? 1983ஆம் ஆண்டு மூண்ட போர் 2009ஆம் ஆண்டு வரை நீடித்தது. பாதைகள் அடைபட்டன, குடும்பங்கள் ஊர்விட்டு ஊர் பெயர்ந்தன. போரின் இறுதிக் கட்டத்தில் வவுனியாவின் பாடசாலைகள் பல, இடம்பெயர்ந்தோரின் உறைவிடங்களாயின. செட்டிகுளத்தை அடுத்த மெனிக் பாம் முகாம் 2012ஆம் ஆண்டிலேதான் மூடப்பட்டது. வகுப்பறையிலே பாயை விரித்துத் துயிலும் காலத்தில், மைதானத்திலே ஆடுகளம் அமைப்பார் யார்? மென்பந்தில் திறமை காட்டிய சிறுவர் எத்தனை பேர் அத்தலைமுறையில் இருந்தனர் என்பதை எந்த ஏடும் கூறாது. ஆடப்படாத ஆட்டத்துக்குக் கணக்கேடு இல்லை.

வடக்கிலிருந்து புதிய செய்தி 2020ஆம் ஆண்டு வந்தது. அவ்வாண்டு தொடங்கிய லங்கா பிரிமியர் லீக்கில், பேஸ்போலைப் போன்றே முறைவைத்துத் தெரிவுசெய்யும் வழக்கம் கைக்கொள்ளப்பட்டது. யாழ். மத்திய கல்லூரியின் சுழற்பந்து வீச்சாளர் விஜயகாந்த் வியாஸ்காந்த், ஜஃப்னா ஸ்டாலியன்ஸ் அணியில் இடம்பெற்றார். டிசம்பர் 4ஆந் திகதி, பத்தொன்பது வயது நிறைவதற்கு ஒரு நாள் முன்னர், அம்பாந்தோட்டையில் அவர் களம் இறங்கினார். அவர் வீழ்த்திய முதல் இலக்கு, இலங்கையின் முன்னாள் அணித்தலைவர் அஞ்சலோ மத்தியூஸ். 2023ஆம் ஆண்டு சீனாவின் ஹாங்சோவில் நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில் அவர் இலங்கைக்காக ஆடினார்.

2024ஆம் ஆண்டு வனிந்து ஹசரங்க காயமுற்றபோது, அவருடைய இடத்துக்கு சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணி வியாஸ்காந்தை அழைத்தது. அப்போது அவ்வணியின் சுழற்பந்துவீச்சுப் பயிற்றுநராக இருந்தவர் முரளிதரன். மே 8ஆந் திகதி வியாஸ்காந்த் தம் முதல் ஐ.பி.எல். ஆட்டத்தில் நான்கு ஓவர்கள் வீசினார். இலக்கு ஒன்றும் விழவில்லை, ஆயினும் எதிரணியாரால் அவருடைய பந்துகளை விளாசவும் இயலவில்லை. இங்கிலாந்தில் ஐந்து ஆட்டங்களில் வெறுங்கையோடு நின்ற ஓர் இளைஞரை நினைவிற் கொண்டோருக்கு, அந்த நான்கு ஓவர்களின் மதிப்பு விளங்கும்.

இவ்விரு வரலாறுகளும் ஒன்றையே கூறுகின்றன. திறமை எவ்வூரிலும் முளைக்கும். அதைக் கண்டெடுப்பதற்கும் காத்திருப்பதற்கும் ஆள் வேண்டும். மென்பந்திலிருந்து கடினப்பந்துக்கு மாறுவது சிறிய அடியன்று. தோலின் வழவழப்பும் தையலின் மேடும் விரல்களுக்குப் புதியவை. விரிப்பு இட்ட ஆடுகளம் வேண்டும். காற்காப்பும் தலைக்கவசமும் வேண்டும். மட்டைபிடிக்கத் தெரிந்த எதிரணிகளோடு ஆண்டு முழுவதும் போட்டிகள் வேண்டும். இவற்றின் செலவை ஒரு வயற்காரக் குடும்பம் தனியே தாங்காது. அதைப் பாடசாலையும் கழகமும் மாவட்டமும் பகிர்ந்து சுமக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஐந்து ஆட்டங்களில் இலக்கு விழாவிட்டாலும் ஆறாவது ஆட்டத்துக்குப் பந்தைக் கையிற் கொடுக்கும் ஒருவர் வேண்டும்.

குளம் கட்டியவர் அன்றே அறுவடை கேட்டதில்லை. மழைக்கும் பொறுத்திருந்தனர், பயிர் முற்றும் வரையும் பொறுத்திருந்தனர். அந்தப் பொறுமையை வன்னி மண் நன்கறியும். அதில் ஒரு பங்கு நெளுக்குளத்து வயல்வெளியிலே பந்து வீசும் சிறுவனுக்கும் கிடைக்குமாயின், ஊரார் சொன்ன சொல் ஒருநாள் மெய்யாகக்கூடும்.